சுடும் பக்கம், வாட்டும் பக்கம்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு நோக்கி ஏறும் சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலை விளிம்பை எட்டும் இடம் போடிமெட்டு. அங்குள்ள சோதனைச்சாவடிக்கு இப்பால் தேனி மாவட்டம். அப்பால் இடுக்கி மாவட்டம். கீழே போடியில் மின்விசிறி இல்லாமல் உறங்க இயலாத அதே இரவில், மேலே கம்பளி இல்லாமல் உறங்க இயலாது. சாலையிலிருந்து சற்று உள்ளே, ஏலத்தோட்டம் ஒன்றின் ஓரத்தில், இரண்டே அறைகள் கொண்ட சிறிய தங்கும் விடுதி ஒன்று உண்டு. அதை நடத்துபவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அவருடைய தந்தை ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் ஏலக்காய் ஸ்டோரில் தீ பார்த்தவர். அவர்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு கரியடுப்புக்கு எந்தத் துணைக்கருவியை வாங்குவது என்ற கேள்வி, பார்வைக்குச் சிறியதுதான். ஆனால் அந்தக் கேள்வி அந்த வீட்டில் பல மாதங்கள் நீடித்தது.

சாலை அகலப்படுத்தப்பட்ட பிறகு அறை கேட்டு வருவோர் கூடினர். அறை கேட்டவர்களின் இரண்டாவது கேள்வி பெரும்பாலும் ‘பார்பிக்யூ உண்டா?’ என்பதாகவே இருந்தது. மகள் கடன் வாங்கி, 57 செ.மீ. விட்டமுள்ள கெட்டில் கிரில் ஒன்றைக் கொச்சியிலிருந்து தருவித்தார். மூன்று கால்களில் நிற்கும் இரும்புக் கிண்ணம், அதன் மேல் கவிழும் மற்றொரு கிண்ணமாக ஒரு மூடி, கீழும் மேலும் திறந்து மூடத்தக்க காற்றுத்துளைகள், நடுவே கம்பித்தட்டு. அவ்வளவுதான் அந்த அடுப்பு.

அதன் பிறப்பே காற்றோடு தொடர்புடையது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸ் என்ற தகட்டுத் தொழிற்சாலையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன், திறந்த அடுப்பில் காற்றும் மழையும் செய்த தொல்லையைத் தாங்காமல், அங்கே உருவாக்கப்பட்டுவந்த உலோக மிதவையை இரண்டாக வெட்டி ஒரு பாதியை அடுப்பாகவும் மறுபாதியை மூடியாகவும் ஆக்கினார். அது நடந்தது 1952இல். மேற்குக் காற்று சாம்பலை வாரி முகத்தில் இறைக்கும் போடிமெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அடுப்பு அமைவது கடினம்.

ஆயினும் முதல் பருவத்திலேயே அந்த அடுப்பு அவரைத் தலைகுனிய வைத்தது. ஒரு டிசம்பர் இரவு எட்டு விருந்தினர்கள் தங்கியிருந்தனர். கிண்ணத்தின் அடி முழுதும் கரியைப் பரப்பி, மேலே கோழிக்கால்களை அடுக்கினார். சொட்டிய கொழுப்பு தீயாகக் கிளம்பியது. பத்து நிமிடத்தில் தோல் கறுத்தது. வெந்துவிட்டதென நம்பிப் பரிமாறினார். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தட்டிலிருந்த காலைக் கடித்து, ‘அம்மா, உள்ளே ரத்தம்’ என்றாள். தாய் தட்டை மெல்ல நகர்த்தி வைத்தார். யாரும் சத்தம் போடவில்லை; அதுவே அவரை அதிகம் வாட்டியது. உணவுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்துவிடுமோ என்ற அச்சத்தில் இரண்டு நாள்கள் அவர்களைத் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நேரவில்லை. அச்சம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

பிழை எங்கே என்று தேடியபோது அவருக்கு விளங்கிய முதல் செய்தி இது: கரியடுப்பில் ஒரே சூடு கொண்டு எல்லாவற்றையும் சமைக்க இயலாது. கரியை ஒரு பக்கம் குவித்து, மறுபக்கத்தை வெறுமையாக விட வேண்டும். கரியின் மேல் வைக்கும் பொருளைக் கங்கின் கதிர்வெப்பம் நேரே தாக்குகிறது. தோல் சிவப்பதும் மொறுமொறுப்பதும் அங்கே. மூடியை மூடியபின் வெறும் பக்கத்தில் இருக்கும் பொருளைச் சூடான காற்று மட்டும் சூழ்ந்து நிற்கிறது. எலும்பு வரை மெதுவாக வேகுவது அங்கே. கோழிக்கால் போன்ற தடித்த இறைச்சி முதலில் வெறும் பக்கத்தில் முக்கால் மணி நேரம் வெந்து, முடிவில் இரண்டொரு நிமிடம் கரியின் மேல் வர வேண்டும். அவர் செய்தது இதற்கு நேர் எதிரான வேலை.

இரண்டாவது முயற்சியில் கரியை ஒரு பக்கம் தள்ளிப் பார்த்தார். கிண்ணத்தின் அடி வளைவாயிற்றே. கரித்துண்டுகள் சரிந்து நடுவே வந்தன. எல்லையோரம் இருந்த இரண்டு கால்கள் மீண்டும் கருகின. ஆகவே கரியைத் தடுத்து நிறுத்த ஏதாவது வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். துணைக்கருவிகளின் பட்டியல் அங்கிருந்துதான் தொடங்கியது.

பட்டியல் விரைவாக நீண்டது. கரியை அடக்கும் இரட்டைக் கம்பிக்கூடைகள், அரைவட்ட வடிவில், நீர்த்தொட்டி பொருத்திய எஃகுத் தடுப்பு, ஒரு பகுதியை மட்டும் தூக்கிக் கரி சேர்க்க உதவும் கீல் வைத்த கம்பித்தட்டு, கரி மூட்டும் உருளை, கொழுப்பு பிடிக்கும் தட்டு, இறைச்சியில் குத்தி அளக்கும் வெப்பமானி, சுழலும் கம்பி, பீட்சாக் கல். எல்லாவற்றின் விலையையும் கூட்டினால் இன்னோர் அடுப்பு வாங்கிவிடலாம். எஃகுத் தடுப்பின் விலையைக் கேட்ட தந்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “ஏன் தாயி, அது என்ன வேலை பார்க்கும்?”

மகள் கையேட்டிலிருந்த ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்கிச் சொன்னார்: “ஒரு பக்கம் நேரடிச் சூடுப்பா. இன்னொரு பக்கம் மறைமுகச் சூடு.” தந்தைக்குப் பிடிபடவில்லை. சூட்டில் மறைமுகம் என்ன என்று கேட்டார். மகள் கையால் அடுப்பின் இரு பக்கங்களையும் காட்டி விளக்கினார். அவர் முகம் தெளிந்தது. “அப்ப ஒரு பக்கம் சுடணும், ஒரு பக்கம் வாட்டணும். அதத்தான சொல்லுற?”

மொழி பயில்வோர் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. மொழிபெயர்ப்பு இரண்டு பெயரடைகளைக் கொடுத்தது. தந்தையிடம் ஏற்கெனவே இரண்டு வினைகள் இருந்தன. கிழங்கைச் சுடுகிறோம், கருவாட்டைச் சுடுகிறோம். வாழையிலையை வாட்டுகிறோம், மஞ்சள் தடவிய கோழியைத் தீயில் காட்டி வாட்டுகிறோம். இவ்விரு வினைகளின் இலக்கணமும் ஒன்றல்ல. ‘சுடு’ என்பது ஒரே வடிவத்தில் இருபுறமும் நிற்கும்: வெயில் சுடுகிறது, பால் சுடுகிறது, அவள் கிழங்கைச் சுடுகிறாள். தீயின் செயலும் ஆளின் செயலும் அங்கே ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ‘வாட்டு’ அப்படியன்று. ஓடு–ஓட்டு, ஆடு–ஆட்டு என்பதைப் போல அது வாடு–வாட்டு என்ற இணையின் பிறவினை. அதாவது, பொருள் தானே வாடுகிறது. வாட்டுபவர் அது வாடுவதற்கான நிலையை அமைத்துக் கொடுக்கிறார். மூடிய அடுப்பின் வெறும் பக்கத்தில் நடப்பதும் இதுவே. அங்கே தீ பொருளைத் தொடுவதில்லை. சமைப்பவர் சூட்டையும் காற்றையும் நேரத்தையும் அமைக்கிறார். இறைச்சி தானே வேகிறது. சோதனைச்சாவடிக்கு அப்பால் மலையாளத்திலும் இவ்விரு வினைகளும் வழங்குவதால், கேரளத்து விருந்தினருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவை எழுவதில்லை.

இந்த வேறுபாட்டைத் தந்தை அகராதியில் கற்கவில்லை. ஏலக்காய் ஸ்டோரில் கற்றார். பழைய ஸ்டோரின் அமைப்பு எளியது. கட்டடத்தின் ஒரு கோடியில், வாய் வெளிப்புறமாக இருக்கும்படி ஒரு விறகடுப்பு. அதிலிருந்து எழும் அனலும் புகையும் இரும்புக் குழாய்களுக்குள் புகுந்து அறையைச் சுற்றிப் புகைபோக்கி வழியே வெளியேறும். குழாய்களுக்கு மேலே அடுக்கடுக்கான கம்பிவலைத் தட்டுகளில் பச்சை ஏலக்காய். தீ ஓரிடம், காய் ஓரிடம். இடையே சுவரும் இரும்பும். அறையின் வெப்பம் 45 முதல் 55 பாகை செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். அதுவும் ஒரு பகலும் ஓர் இரவும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகும். வெப்பம் மிஞ்சினால் பச்சை நிறம் வெளிறும், காய் வெடிக்கும். போடியிலும் புற்றடியிலும் நடக்கும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னேலத்தில் நிறம் போன காய்க்கு விலை இல்லை. ஒரு தோட்டத்தின் ஓர் அறுவடை முழுதும், இரவில் தீ பார்ப்பவரின் விழிப்பை நம்பி இருந்தது.

காற்றைப் பற்றியும் அவர் அங்கேதான் கற்றார். முதல் சில மணி நேரம் காய் வெளியிடும் ஈரக்காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லையேல் காய் தன் நீராவியிலேயே புழுங்கி நிறம் கெடும். ஈரம் குறைந்தபின் துவாரங்களைச் சிறிது சிறிதாக அடைக்க வேண்டும். எந்த வாயை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதே அவருடைய தொழில். பின்னாளில் இயந்திர உலர்த்திகள் வந்தன. அவர் வேலை பார்த்த ஸ்டோரின் விறகடுப்பு இடிக்கப்பட்டது. அடுப்பின் உட்சுவரில் இருந்த நெருப்புச் செங்கற்களில் இருபதை அவர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. கொய்யா மரத்தடியில் அவை பாசி பிடித்துக் கிடந்தன.

அவற்றில் இரண்டைத்தான் அவர் எடுத்து வந்தார். பாசியைச் சுரண்டி மூன்று நாள் வெயிலில் காயவைத்தார். பிறகு ஒரு சிறிய தீயருகே வைத்து மெதுவாகச் சூடேற்றினார். ஈரமேறிய செங்கல்லைத் திடீரெனக் கங்கருகே வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல்லைப் பிளந்துவிடும். வீடு கட்டும் சாதாரணச் செங்கல்லும் அந்தச் சூட்டை நெடுநாள் தாங்காது. நெருப்புச் செங்கல் அதற்கென்றே செய்யப்பட்டது. இரண்டையும் பக்கவாட்டில் நிறுத்தி, கிண்ணத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தடுத்தார். கரி சரியவில்லை. கங்கின் ஒளி மறுபக்கம் விழவில்லை. செங்கல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெல்லத் திருப்பித் தந்ததால், மூடியைத் திறந்து மூடினாலும் அடுப்பு விரைவில் பழைய சூட்டுக்கு மீண்டது.

மறுபக்கத்தில், கம்பித்தட்டுக்குக் கீழே, ஓர் எவர்சில்வர் தட்டில் வெந்நீர் ஊற்றி வைத்தனர். கொழுப்பு அதில் சொட்டும், தீப்பிடிக்காது. நீர் ஆவியாகும்வரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அந்தப் பக்கம் திடீரெனக் கொதித்தெழாது. நாலாயிரம் அடிக்கு மேலுள்ள அந்த மலையில் நீர் 100 பாகையில் அன்று, சுமார் 95 பாகையிலேயே கொதிக்கும். அரிசி வேகத் தாமதமாவதைக் கண்ட மலைவாசிகளுக்கு இது புதிதல்ல. எஃகுத் தடுப்பின் நீர்த்தொட்டி செய்யும் வேலையை இந்தத் தட்டு ஓரளவு செய்தது. ஓரளவுதான். பத்து மணி நேரம் ஒரே சீராகப் பெரிய இறைச்சித் துண்டை வேகவைப்பவருக்கு அந்தக் கருவி உண்மையிலேயே உதவும். எட்டுப் பேருக்குக் கோழிக்கால் வாட்டும் வீட்டுக்கு அது தேவைப்படவில்லை.

மூடியை வைக்கும் முறையையும் தந்தையே திருத்தினார். மகள் மூடியின் காற்றுத்துளை கரிக்கு நேர் மேலே வருமாறு வைத்திருந்தார். “வெளிய போற வாய் காய்ப் பக்கம் இருக்கணும் தாயி. இல்லன்னா சூடு வந்த வழியே போயிரும்” என்று சொல்லி, மூடியைச் சுழற்றிக் கோழியின் பக்கம் கொண்டுவந்தார். கரிப்பக்கம் கிளம்பும் அனல் இப்போது இறைச்சியைக் கடந்தே வெளியேற வேண்டியிருந்தது. கீல் வைத்த தட்டும் அன்றே பட்டியலிலிருந்து நீங்கியது: பழைய தட்டின் கைப்பிடியோர இடைவெளியைக் கரிப்பக்கம் திருப்பி வைத்தால், அதன் வழியே இடுக்கியால் கரித்துண்டுகளைப் போட்டுவிடலாம்.

கரி மூட்டும் உருளை மட்டும் தேவை என்று இருவரும் ஒப்புக்கொண்டனர். மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டிய கரியின் வாடை இறைச்சியில் ஏறும். அடியில் துளையிட்ட தகட்டு உருளையில் கரியை நிரப்பிக் கீழே காகிதம் கொளுத்தினால், காற்று தானே மேலேறிக் கால்மணி, இருபது நிமிடத்தில் கரி முழுதும் சாம்பல் பூத்த கங்காகிவிடும். போடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் கறுப்புத் தகட்டில் அதைச் செய்து வாங்கினர். துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம் என்று மகள் உறுதியாகச் சொன்னார். அப்பூச்சு மிகுசூட்டில் நச்சுப் புகை விடும். கரிக்கு இராமநாதபுரம் பக்கத்துச் சீமைக் கருவேலங்கரி. அது நெடுநேரம் நின்று எரியும். சிரட்டைக் கரி கிடைத்தால், முடிவில் தோலைச் சிவக்க வைக்க ஒரு கைப்பிடி.

வெப்பமானி விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கைக்குத் தெரியாத சூடா என்பது தந்தையின் வாதம். ஸ்டோரின் கதவைத் திறந்து கையை நீட்டியே அறையின் நிலையைச் சொன்னவர் அவர். மகள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தச் சிறுமியின் தட்டு அவர் கண்முன் இருந்தது. வெப்பமானியை வாங்கினார். முதல் நாள், பொன்னிறமான ஒரு காலைத் தொட்டுப் பார்த்துத் தந்தை “ஆயிருச்சு” என்றார். மகள் எலும்பில் படாமல், அதை ஒட்டிய சதையில் ஊசியைச் செலுத்தினார். 62 என்று காட்டியது. கோழி இறைச்சியின் உட்புறம் 74 பாகையை எட்டினால்தான் நோய்க்கிருமிகளைப் பற்றிய கவலை தீரும். மேலும் கால்மணி நேரம் சென்றது. 78 காட்டியது. தந்தை ஊசியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காய்க்கு வெளிய இருக்கற சூடுதான் கைக்குத் தெரியும். உள்ள இருக்கறதுக்கு இது வேணும்தான்” என்றார். தோற்றவர் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை.

மூடியிலேயே ஒரு வெப்பமானி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்கலாம். மூடியில் இருப்பது மேலே தேங்கும் காற்றைச் சொல்கிறது. அது கரிப்பக்கம் திரும்பியிருந்தால் மிகுத்துச் சொல்லும். உண்பவர் வாயில் போகப்போகும் சதையை அது அளப்பதில்லை.

பட்டியலில் இல்லாத ஒரு பொருளையும் அவர்கள் வாங்க நேர்ந்தது. ஜனவரிக் குளிரில் தங்கியிருந்த நண்பர் குழு ஒன்று, சமையல் முடிந்ததும் மிஞ்சிய கங்கை ஒரு சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. புகையே வரவில்லை, வெறும் கங்குதான் என்றனர். மகள் ஒரு கணம் தயங்கினார், விருந்தினர் ஆயிற்றே. தந்தை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “வேணாம் தம்பி. கங்கு இருக்கற ரூம்ல கதவடச்சுப் படுக்கக் கூடாது. ஸ்டோர்ல மொதல்ல சொல்லிக் குடுக்கறதே அதான்.” புகையில்லாத கங்கே அதிக ஆபத்தானது. அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவரை அது எழுப்புவதில்லை. மூடிய அறையில் கரியடுப்பு வைத்து உறங்கி மாண்டவர்களைப் பற்றிய செய்திகள் குளிர்ப்பகுதிகளிலிருந்து தொடர்ந்து வருகின்றன. அன்றிரவு அவர்களுக்குக் கூடுதல் கம்பளிகளும் கட்டங்காப்பியும் கிடைத்தன. அடுப்பின் மேல்துளையும் கீழ்த்துளையும் அடைக்கப்பட்டன. காற்றில்லாமல் கங்கு அணைந்தது. மறுவாரம், இறுக மூடும் மூடி கொண்ட ஓர் இரும்பு வாளி வந்தது. ஆறிவிட்டதாகத் தோன்றும் சாம்பலுக்குள் மறுநாள் வரை கனல் இருக்கக்கூடும். அது முற்றத்துச் சருகில் கொட்டப்படக் கூடாது.

ஆக, நீண்ட பட்டியலிலிருந்து கடைசியில் பணம் கொடுத்து வாங்கியவை மூன்று: உருளை, ஊசி வெப்பமானி, வாளி. செங்கல்லும் தட்டும் வீட்டில் இருந்தவை. இதைச் சிக்கனத்தின் கதையாக மட்டும் படித்தால் பாதி விடுபட்டுப்போகும். கருவிகளின் பெயர்கள் ஒரு மொழியில் வந்து சேரும்போது, அவை செய்யும் வேலைக்குரிய வினைச்சொல் நம் வீட்டில் ஏற்கெனவே புழங்குகிறதா என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சொல் கிடைத்தபின், எது தேவை, எது தேவையில்லை என்பது அவ்வீட்டில் தானாகப் பிரிந்துபோயிற்று. அந்தச் சொல்லுக்குரியவரின் கை எட்டாத இடம் எது என்பதும் கூடவே தெரிந்தது. அங்கேதான் ஊசி வந்து நின்றது.

இப்போது மாலையில் கரி மூட்டும் வேளையில் தந்தை அடுப்பருகே ஒரு முக்காலி போட்டு அமர்கிறார். ஸ்டோர் இயந்திரமயமான பிறகு அவரிடம் எவரும் தீயைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. இன்று விருந்தினர்களின் பிள்ளைகள் கேட்கிறார்கள். மூடியின் துளையைக் காட்டி, எந்தப் பக்கம் சுடும், எந்தப் பக்கம் வாட்டும் என்று அவர் சொல்லிக் கொடுக்கிறார். ஊசியைப் பிடித்து எண்ணைப் படிக்கும் வேலை மட்டும் மகளுடையது. எண் 74ஐத் தாண்டும்வரை அந்த வீட்டில் எந்தக் குழந்தையின் தட்டிலும் எதுவும் வைக்கப்படுவதில்லை.